ஓகானெல், ராத்ஸ்சைல்ட் பற்றிப் படித்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் ஊர் நூலகத்தில் கல்லூரி மாணவர்களுக்கு, மதத்தைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். பிரிட்டனை எடுத்திருக்கிறேன். 1828ல், அப்போது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழ் இருந்த அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கரான டேனியல் ஓகானெல் ஜெயித்தார், ஆனால் கத்தோலிக்கர் யாரும் மனசாட்சியோடு சொல்ல முடியாத உறுதிமொழி அவர் வழியை மறித்தது. லயனல் ராத்ஸ்சைல்ட் யூதர். லண்டன் மாநகரத் தொகுதியில் 1847ல் ஜெயித்தவர், மறுபடி மறுபடி ஜெயித்தும், உறுதிமொழியில் இருந்த கிறிஸ்தவ விசுவாச வரியால் 1858 வரை உட்கார முடியவில்லை. இதை மாற்றக் கீழவை அனுப்பிய மசோதாக்களை மேலவையான பிரபுக்கள் சபை திருப்பித் திருப்பித் தள்ளியது.

இதுவரை சரி. எனக்குச் சிக்கல் 1829ல்தான். அந்த ஆண்டு சட்டம் கத்தோலிக்கருக்குக் கதவைத் திறந்தது, அதே கையோடு அயர்லாந்தின் கிராமப்புறத் தொகுதிகளில் ஓட்டுரிமைக்கான சொத்துத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து (அப்போது 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தினார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 37,000 ஆகச் சுருங்கினார்கள். ஓகானெலை ஜெயிக்க வைத்த ஏழை விவசாயிகளே ஓட்டை இழந்தார்கள், பெரும்பாலான புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அந்த விவசாயிகள் அப்புறம் என்ன செய்தார்கள், நிலக்கிழார்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று விரிவாகச் சொல்லும் நூலோ கட்டுரையோ தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, ஆங்கிலமானாலும் பரவாயில்லை. அயர்லாந்து வரலாறு படித்தவர்கள் இங்கே இருந்தால் அரை மணி நேரம் போனில் பேச முடியுமா?