பட்டறையில் செய்த இன்டர்கூலரும் சைலென்சர் லைனும்: விற்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

காட்பாடி_டர்போ:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், நாலு சிலிண்டர். கம்பெனி இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிரவைக்கும் பாகம்) சின்னது. சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு ஆம்பூர் வரை போனாலே இழுவை குறைந்து வண்டி மந்தமாகிவிடும். திருவலம் பக்கம் நண்பருக்குப் பட்டறை இருக்கிறது. இருவரும் சேர்ந்து பம்பருக்குப் பின்னால் அடங்குகிற அளவுக்குப் பெரிய இன்டர்கூலர் ஒன்று செய்து மாட்டியிருக்கிறோம். பார் அண்ட் பிளேட் கோர் (பட்டையும் தகடும் அடுக்கிச் செய்த நடுப்பகுதி), கம்பெனியுடையதைவிட ஒன்றரை மடங்கு தடிமன். கூடவே புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து வால் வரை 304 ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டரை அங்குல சைலென்சர் லைன். கன்வெர்ட்டரைத் தொடவில்லை.

கம்பெனி இன்டர்கூலரோடு ஒரு மதியம் பள்ளிகொண்டா டோல் வரை ஓட்டி ஓபிடியில் (வண்டிக் கணினியின் அளவுகளைப் படிக்கும் இணைப்பு) பார்த்தபோது இன்டேக் காற்று 68 டிகிரி. புதியதை மாட்டி மறுநாள் சாயந்திரம் அதே ரோட்டில் பார்த்தால் 54. முழுசாக 14 டிகிரி குறைவு. இதே வண்டி வைத்திருக்கும் சிலர் இப்போதே கேட்கிறார்கள். பத்து செட் செய்து விற்கலாம் என்று எண்ணம். அதற்கு முன் வேறு என்னென்ன சோதிக்க வேண்டும்?

இன்னொன்று. 100இல் போகும்போது, 2400 ஆர்பிஎம் சுற்றில், வண்டிக்குள் ஒரு ரீங்காரம் வந்து காதை அடைக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இல்லை. இதற்கு என்ன வழி?

ராணிப்பேட்டை_டிக்:

தம்பி, கன்வெர்ட்டரைத் தொடாமல் விட்டது நல்ல காரியம். நான் பாய்லர் துணைப் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் டிக் வெல்டிங் கற்றவன். இப்போது சிப்காட் பக்கம் சொந்தமாக வைத்து, ட்ராக் வண்டிகளுக்கும் ரேலி வண்டிகளுக்கும் ரேடியேட்டர், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் செய்து தருகிறேன். இந்த வேலையை நம் ஊர்ப் பக்கம் ஒருவர் முறையாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த 14 டிகிரி. நம் ஊரில் மதியத்துக்கும் சாயந்திரத்துக்கும் வெளிக்காற்றே ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். ஆக, அந்த 14இல் பாதி இன்டர்கூலர் செய்ததில்லை, பொழுது செய்தது. மீதியிலும் எவ்வளவு உன்னுடையது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. யாராவது பணம் கொடுத்து வாங்கி, மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போவார்கள். அவர்களுக்கு நீ கொடுக்கிற வாக்கு இந்த எண்தான். அது கெட்டியாக இருக்க வேண்டும்.

இன்டர்கூலருக்குள் போகிற காற்றின் சூடு, வெளியே வருகிற காற்றின் சூடு, வண்டிக்கு முன்னால் வெளிக்காற்றின் சூடு, இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எடு. இரண்டு டேங்கிலும் எட்டில் ஒரு அங்குல என்பிடி நூல் (குழாய் மரை) போட்ட குமிழ் வைத்து வெல்டு செய்து, சூடு அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் நுனி காற்றோட்டத்தின் நடுவில் நிற்கும்படி மாட்டு. தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தகட்டின் சூட்டைத்தான் காட்டும். உதாரணத்துக்கு உள்ளே 130, வெளியே 70, வெளிக்காற்று 40 என்று வை. இறங்கக்கூடியது 90 டிகிரி, இறங்கியது 60. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 சதவீதம். அதே நிலையில் உன்னுடையது 62இல் விட்டால் 90க்கு 68, கிட்டத்தட்ட 76 சதவீதம். இந்தச் சதவீதத்தைச் சொல்லி விற்கலாம். காலை, மாலை என்ற வித்தியாசம் இதைப் பெரிதாக அசைக்காது.

ஆனால் இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போன அழுத்தம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? தடிமனான கோர், நெருக்கமான உள் ஃபின் என்றால் காற்று திணறும். 70இலிருந்து 62க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 2.4 சதவீதம் கூடுகிறது. நீ 15 பிஎஸ்ஐ பூஸ்டில் (டர்போ கூட்டித் தரும் அழுத்தம்) ஓட்டுகிறாய், புது கோர் பழையதைவிடக் கூடுதலாக 1 பிஎஸ்ஐ விழுங்குகிறது என்று வை. வெளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் அது சுமார் 3.4 சதவீத இழப்பு. குளிர்ந்ததில் கிடைத்ததைவிட அழுத்தத்தில் போனது அதிகம். இன்ஜின் கணினியான இசியூ அதை ஈடுகட்ட டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிடும். அப்போது உள்ளே போகிற காற்று இன்னும் சூடாகும். ஓபிடியில் இன்டேக் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது எதுவுமே கண்ணில் படாது. அதே இரண்டு குமிழிலும் சின்னக் குழாய் வைத்து டிஃபரென்ஷியல் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டினால் போதும், தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும் முறை: கம்பெனி இன்டர்கூலர், பிறகு உன்னுடையது, பிறகு மறுபடியும் கம்பெனி இன்டர்கூலர். ஒரே நாள், ஒரே பெட்ரோல், ஒரே ஆள். கடைசி ஓட்டமும் முதல் ஓட்டமும் ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணை நம்பலாம். கழற்றி மாட்டுவது சலிப்பாக இருக்கும். இருந்தாலும் அந்த மூன்றாவது ஓட்டத்தை விட்டுவிடாதே.

இப்போது நீ கேட்காத, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். உன் இன்டர்கூலர் நிற்பது ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால். தடிமனான கோர் அவற்றுக்குப் போகிற காற்றை மறிக்கும், மறிக்காமல் விட்டதையும் சூடாக்கி அனுப்பும். இன்டேக் காற்றைக் குளிரவைத்துவிட்டு இன்ஜின் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் என்ன பிரயோஜனம்? ஆகவே கூலன்ட் சூட்டையும் கூடவே பதிவு செய். அதற்கு ஹைவே உதவாது. 80இல் போகும்போது எந்த ரேடியேட்டரும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஏலகிரிக்குப் போ. பொன்னேரியிலிருந்து மேலே புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியர், நாலு பேர் எடை, ஏசி முழுசாக, வார நாளில் மதியம். வேகம் குறைவு, சுமை அதிகம், எதிர்க்காற்று கிடையாது. மேலே போனதும் அணைக்காமல் பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்தி, ஃபேன் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று எழுது. கம்பெனி இன்டர்கூலரில் 96 காட்டிய இடத்தில் உன்னுடையது 104 காட்டினால் இன்னும் விற்காதே. தடிமனைக் குறை, அகலத்தைக் கூட்டு. அல்லது பம்பர் துளையிலிருந்து கோர் வரை தகட்டில் வழி கட்டி, காற்று பக்கவாட்டில் நழுவாமல் செய். பல வண்டிகளில் பெரிய கோரைவிட இந்தத் தகடுதான் அதிகம் சாதிக்கும்.

'பெரிய ரேடியேட்டரும் சேர்த்துப் போட்டுவிடலாமா' என்று அடுத்துக் கேட்பாய். போடலாம். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கிற சூட்டுக்குக் கீழே எந்த ரேடியேட்டரும் இன்ஜினை இறக்காது. அது கொடுப்பது கையிருப்பு மட்டும். மூடியையும் கவனி. 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 121 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரப்பர் தேய்ந்த மூடி இருந்தால் நீ எடுக்கிற எண் எல்லாமே வீண். அப்புறம் தயவுசெய்து போர் தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதே. பாலாற்றங்கரையில் நம் நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். குழாய்க்குள் உப்புப் படிந்தால் அது சூட்டை விடவே விடாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான்.

ஒவ்வொரு பீஸையும், பத்தில் ஒன்றை மட்டுமல்ல, ஒவ்வொன்றையும், இரு வாயும் அடைத்து 2 பார் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார். அடைப்பை இரும்புப் பட்டை போட்டுக் கட்டு, கையால் பிடிக்காதே. குமிழி பெரும்பாலும் வெல்டின் நடுவில் வராது. டேங்க்கும் கோர் மூலையும் சேருகிற இடத்தில், வெல்டர் ஆர்க்கை நிறுத்திய புள்ளியில் வரும். கடுகளவு குழி இருக்கும். கரண்டை மெதுவாக இறக்கி, கம்பியை ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுத்து முடித்தால் அந்தக் குழி வராது.

பழைய_பார்முலா_மாணவன்:

அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். விஐடியில் படித்தபோது பார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்களே பந்தய வண்டி செய்து ஓட்டும் போட்டி) வண்டியின் கூலிங் என் பொறுப்பு. அந்தப் போட்டி விதிப்படி ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும்தான் ஊற்றலாம், கூலன்ட் கூடாது. அதனால் ஒவ்வொரு டிகிரிக்கும் கணக்குப் பார்த்தே வளர்ந்தோம்.

டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் எந்திரம்) எடுத்த எண்ணை வைத்து இன்டர்கூலரை எடைபோடாதீர்கள். முன்னால் வைக்கிற மின்விசிறி ரோட்டில் கிடைக்கும் காற்றுக்குப் பக்கத்திலேயே வராது. தடிமனான கோருக்கு வெப்பத்தை உள்வாங்கும் நிறை அதிகம், அதனால் முதல் ஓட்டத்தில் பிரமாதமாகக் காட்டும். இடைவெளி விடாமல் அடுத்தடுத்து ஓட்டினால்தான் உண்மை வெளிவரும். வெளிக்காற்றின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் திருத்தக் கணக்குப் போட்ட குதிரைத்திறனைக் காட்டினால், திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். டர்போ இன்ஜின் தன் பூஸ்டைத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்குமேல் திருத்தமும் போட்டால் கணக்கு ஊதிவிடும்.

முழு ஆக்சிலரேட்டர் ஓட்டமெல்லாம் ஹைவேயில் வேண்டாம். இதே ரோட்டில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ட்ராக் இருக்கிறது. ட்ராக் நாளில் பதிவு செய்து ஓட்டுங்கள்.

ஆற்காடு_சர்வேயர்:

நான் வாகன இன்சூரன்ஸ் சர்வே செய்பவன். சைலென்சர் விஷயத்தில் வாங்குபவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. சத்தம், புகை விதியை மீறினால் 190(2). 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். மாட்டுவது அவர், மாட்டிக்கொள்வதும் அவர்தான். ட்ராக்குக்கு மட்டும் என்றால் பில்லிலேயே அப்படி எழுதுங்கள். ரோட்டுக்கு என்றால் முறையான சோதனைச் சான்று வேண்டும். ஓரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில் போய் விசாரியுங்கள், நமக்கு அது பக்கம்தான்.

காட்பாடி_டர்போ:

அனைவருக்கும் ரொம்ப நன்றி. பிரஷர் கேஜ் இல்லாமல் இனி ஒரு ஓட்டமும் இல்லை. அண்ணா, சைலென்சர் லைன் பற்றிச் சொல்லவில்லையே. பிளேஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பக்கத்தில் முடி போல ஒரு விரிசலும் தெரிகிறது. அந்த ரீங்காரத்துக்கு இன்னொரு மஃப்ளர் (சத்தம் அடக்கும் பெட்டி) சேர்த்தால் போதுமா?

ராணிப்பேட்டை_டிக்:

விரிசலை முதலில் பார்ப்போம். 304 குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்தால், 400 டிகிரி ஏறும்போது கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீளும். கம்பெனி லைன் பெரும்பாலும் 409 வகை, அது அவ்வளவு நீளாது. நீ பழைய தொங்கு ரப்பர் இடங்களை அப்படியே வைத்து, நடுவில் ஃப்ளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) போடாமல் இறுக்கியிருந்தால், நீள வழியில்லாமல் அந்த 7 மில்லிமீட்டர் பிளேஞ்ச் வெல்டைத்தான் முறுக்கும். முன்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் பெல்லோஸ் வை. ரப்பர்களைக் குளிர்ந்த நிலையில் சற்று முன்பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டால் சூடானதும் நேராகும்.

கழற்றிய கையோடு குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார். வெல்டின் உள்பக்கம் கறுத்து, சொரசொரவென்று பொரிந்திருந்தால், பின்பக்கம் ஆர்கான் வாயு விடாமல் வெல்டு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியே எவ்வளவு அழகாகக் காசு அடுக்கியது போல இருந்தாலும் அந்த இடம்தான் முதலில் விடும். இரு முனையையும் டேப் போட்டு மூடி, உள்ளே ஆர்கான் நிரப்பியபிறகு செய்யச் சொல். 304க்கு 304 என்றால் 308எல் கம்பி. கம்பெனி பிளேஞ்ச் வேறு உலோகம் என்றால் 309எல். ராணிப்பேட்டை வெல்டர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பாய்லர் வேலையில் இது இல்லாமல் பீஸ் பாஸ் ஆகாது. வண்டி வேலைதானே என்று விடாமல் கேட்டுச் செய்யவைப்பது உன் பொறுப்பு.

ரீங்காரத்துக்கு மஃப்ளர் சேர்த்தால் பின்னழுத்தம்தான் கூடும். நாலு சிலிண்டர் இன்ஜின் 2400இல் வினாடிக்கு 80 முறை வெடிக்கிறது. அந்த 80 ஹெர்ட்ஸை மட்டும் அடக்கினால் போதும். பின் மஃப்ளருக்கு முன்னால் லைனிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடு, மறுமுனை மூடியது. ஒலி அதற்குள் போய்த் திரும்பி வரும்போது எதிர் அலையாக வந்து, லைனில் வருகிறதை அழிக்க வேண்டும். அதற்கு நீளம் அலையின் கால் பங்கு. 250 டிகிரி வாயுவில் ஒலி வினாடிக்கு சுமார் 458 மீட்டர் போகும். அதை 80இன் நாலு மடங்கான 320ஆல் வகுத்தால் 1.43 மீட்டர். ஆனால் மூடிய குழாய்க்குள் ஓட்டம் இல்லாததால் வாயு குளிர்ந்திருக்கும். 150 டிகிரி என்றால் 1.29தான். ஆகவே அளவெடுத்து ஒரேயடியாக மூடிவிடாதே. 1.5 மீட்டர் விட்டு, முனையில் நகர்த்திப் பூட்டுகிற ஒரு அடைப்பு வைத்து, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, இரண்டிரண்டு சென்டிமீட்டராக உள்ளே தள்ளிப் பார். ரீங்காரம் மறைகிற இடம் கிடைத்தபிறகு வெட்டி வெல்டு செய். நீளமாக இருக்கிறதே என்று கவலைப்படாதே, லைன் பக்கத்திலேயே யு வளைவாக மடக்கிக் கொண்டுபோகலாம்.

வெளியே சத்தம் அளக்கும்போது வண்டியை நிறுத்தி, வால் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், முனையின் உயரத்திலேயே மைக்கை வை. ஐஎஸ்ஓ 5130 சொல்கிற முறை அது. கம்பெனி லைனையும் அதே இடத்தில் அதே சுற்றில் அளந்து பக்கத்தில் எழுதிவை.

பிரஷர் கேஜ் வாங்க அவசரப்படாதே. என்னிடம் சும்மாதான் இருக்கிறது. ஞாயிறு காலை பட்டறைப் பக்கம் வா, வரும்போது கழற்றிய கம்பெனி இன்டர்கூலரையும் எடுத்து வா, இரண்டுக்கும் குமிழ் ஒரே இடத்தில் வைத்துத் தருகிறேன்.