கீலாய்டு தழும்புக்கு லேசர் பண்ணிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம், நெஞ்சு நடுவுல ஒரு சின்ன பரு வந்து ஆறுன இடம், இப்போ ரெண்டு வருஷமா தடிச்சு மேடாகி பருவை விட பெருசா பக்கத்துத் தோல் வரைக்கும் பரவிடுச்சு. காயத்தோட எல்லைக்குள்ளயே நின்னா அது ஹைப்பர்ட்ராபிக், தாண்டிப் போனா கீலாய்டுன்னு டாக்டர் சொன்னாங்க, என்னோடது ரெண்டாவது. ராத்திரி அரிப்பு தாங்கல, சட்டை உரசினாலே சுரீர்னு இருக்கு.

ஸ்டீராய்டு ஊசி நாலு தடவை போட்டாச்சு (அந்த வலி இருக்கே, அப்பப்பா!), கொஞ்சம் அமுங்குச்சு, திரும்ப எழும்புது. இப்போ 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர், இல்லனா ஃப்ராக்‌ஷனல் சிஓ2 லேசரால தோல்ல பொடிப் பொடி ஓட்டை போட்டு அது வழியா மருந்து இறக்கலாம்னு சொல்றாங்க. முதல் லேசர் ரத்தக்குழாயைத்தான் குறி வைக்கும், ஆனா தோலுக்கு நிறம் குடுக்கற மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சுமாம், என் தோல் நல்ல கருப்பு, அதான் கொப்புளம் வந்து கலர் மாறிடுமோன்னு பயம்.

கருப்பா இருக்கறவங்க பண்ணிருந்தா எத்தனை சிட்டிங் ஆச்சு, அரிப்பு குறைஞ்சுதா, திரும்ப வளந்துச்சான்னு சொல்லுங்க ப்ளீஸ். வெட்டி எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்துக்கிட்டவங்களும் சொல்லுங்க. வெறுமனே வெட்டினா இன்னும் பெருசா வரலாம்னு தெரியும், அதனால அந்த ஐடியா மட்டும் வேண்டாம்.