தாத்தாவின் பெட்டிக்கு எந்தக் கிராஸ்ஓவர்?

கதிர்: [படம்] மாமா, தாத்தாவுக்கான ஸ்பீக்கர் பெட்டியில் மரவேலை முடிந்துவிட்டது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர்தான் பாக்கி. பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு கடையில் இந்தப் போர்டு இருக்கிறது. 3000 ஹெர்ட்ஸ், 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?

பெரிய மாமா: பொறு கண்ணு. தாழ்ந்த ஒலிக்கு நீ வாங்கிய வூஃபர், உயர்ந்த ஒலிக்கு வாங்கிய ட்வீட்டர், இரண்டின் விவரத்தையும் முதலில் அனுப்பு.

கதிர்: வூஃபர் ஆறரை அங்குலம், 4 ஓம். ட்வீட்டர் 8 ஓம், ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அளவு, 1200 ஹெர்ட்ஸ்.

பெரிய மாமா: அப்படியானால் அந்தப் போர்டு வேண்டவே வேண்டாம். வூஃபர் பக்கம் ஒற்றைக் காயில்தான் தெரிகிறது. 8 ஓமுக்கு 3000-இல் வெட்டுகிற காயில், 4 ஓம் வூஃபரை 1500-இலேயே வெட்டத் தொடங்கிவிடும். ட்வீட்டரோ 3000-க்கு மேல்தான் முழுமையாகப் பாடும். நடுவில் பள்ளம் விழும். பேச்சில் க, ச, த எல்லாம் பிரிந்து கேட்பதற்கு அந்த இடம் மிகவும் முக்கியம்.

சித்தி: அப்பா செய்தி கேட்கும்போது “என்ன சொன்னான், என்ன சொன்னான்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். குரல் தெளிவாக இருக்க வேண்டும் கதிர். மற்றதெல்லாம் அப்புறம்.

கதிர்: அப்படியென்றால் 2000-இலேயே வெட்டி, குரலை ட்வீட்டருக்குக் கொடுத்துவிடலாமா?

பெரிய மாமா: தாங்காது. ஒத்ததிர்வின் இரண்டு மடங்குக்குக் கீழே இறக்காதே. உனக்கு அது 2400. மீறினால் சத்தம் கூட்டும்போது சுருள் கருகும். 3000 நல்ல இடம்தான். இரு பக்கமும் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண்ணின் ஒவ்வொரு இரட்டிப்புக்கும், 12 டெசிபல் சரிவாகச் செய்வோம். ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 0.6 மில்லிஹென்றி காயில். வூஃபருக்கு 0.3 மில்லிஹென்றி, 10 மைக்ரோஃபாரட். கண்டென்சர் பாலிப்ரொப்பிலீனாகவே கேட்டு வாங்கு. எலக்ட்ரோலிட்டிக் விலை குறைவு, ஆனால் வருடம் போகப் போக அதன் அளவு மாறிவிடும்.

கதிர்: இந்த அளவில் காயில் எந்தக் கடையில் கிடைக்கும்?

செந்தில்: கொண்டலாம்பட்டியில் நம் பட்டறை எதற்கு இருக்கிறது மச்சான்? மோட்டாருக்குக் காயில் கட்டுகிற 18 கேஜ் எனாமல் கம்பி உருளை உருளையாகக் கிடக்கிறது. உள்ளே இரும்பு வைக்க வேண்டுமா மாமா?

பெரிய மாமா: வேண்டாம், வெறும் பிளாஸ்டிக் குழாயில் சுற்று. இரும்பு வைத்தால் சத்தம் ஏறும்போது தெவிட்டிப்போய் ஒலியைக் கெடுக்கும்.

செந்தில்: சரி. நாலு சுற்று கூடுதலாகவே சுற்றிவிட்டு, காயிலின் அளவு காட்டும் எல்சிஆர் மீட்டரில் பார்த்துப் பார்த்துக் கழிக்கிறேன். ஸ்டீரியோவுக்கு எல்லாம் இரண்டிரண்டுதானே?

பெரிய மாமா: ஆமாம். கதிர், காயில்களை நெருக்கி ஒட்டிவிடாதே. ஒன்றைப் படுக்க வை, மற்றதை நிற்க வை. ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் ஏறக் கூடாது. ஈயம் வைக்கும் முன் கம்பி நுனியில் எனாமலைச் செப்பு மின்னும் வரை சுரண்டு.

கதிர்: ட்வீட்டருக்குப் பிளஸ், மைனஸ் வழக்கம்போலவா?

பெரிய மாமா: இந்தச் சரிவில் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இரண்டு விதமாகவும் இணைத்து, 3000 ஹெர்ட்ஸ் ஓசையை ஓட்டிப் பார். சத்தம் கூடுகிற இணைப்பை வைத்துக்கொள்.

சித்தி: அதை மதியம் அப்பா தூங்கும்போது ஓட்டாதே கண்ணு.