மதுரையிலிருந்து சென்னைக்கு, நானும் 7 வயசுப் பையனும்: எதை முதல்ல பார்க்கணும்?

வைகைக்கரை கேட்டது:

ஜூன் முதல் வாரம் துரைப்பாக்கத்துல வேலையில சேரணும். ஆபீஸ் நேரம் காலை 9:30 முதல் மாலை 6:30. வாரம் 5 நாள், அதுல ஒரு நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பையன் மதுரையில மெட்ரிக் பள்ளியில 2-ம் வகுப்பு முடிக்கிறான். விவாகரத்து ஆகிடுச்சு, பையன் என் பொறுப்புலதான்னு ஆர்டர் இருக்கு. அவன் அப்பா மாசம் ரெண்டு சனிக்கிழமை மதுரையில வந்து பார்த்துக்கலாம்னும் அதுலயே இருக்கு. அம்மா மாசத்துல பத்து நாள் வந்து கூட இருப்பாங்க, நிரந்தரமா வர முடியாது. வாடகை 18,000 வரைக்கும் தாங்கும். ஸ்கூட்டர் ஓட்டுவேன்.

எந்த ஏரியா, எதை முதல்ல முடிக்கணும், அட்வான்ஸ் எவ்வளவு எடுத்து வைக்கணும், டிசி வாங்கும்போது என்ன கவனிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பள்ளிக்கரணை பழசு:

வீட்டை முதல்ல தேடாதீங்க. ஆபீஸ் பக்கத்துல வீடு, வீட்டுப் பக்கத்துல பள்ளின்னு எல்லாரும் போற வழியில போனா, சாயங்காலம் 3:30 மணியிலேர்ந்து 7:15 வரைக்கும் பையன் எங்க இருப்பான்ங்கிற கேள்வி கடைசியில தொண்டையைப் பிடிக்கும். கூப்பிடப் போக ஒரே ஆள்தான்னா அந்த மூணேமுக்கால் மணி நேரம்தான் முதலாளி. அதனால முதல்ல டே கேர், அப்புறம் அந்த டே கேருக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுற பள்ளி, ரெண்டுக்கும் ஸ்கூட்டர்ல பத்து நிமிஷத்துக்குள்ள வீடு. உங்க ஆபீஸ் தூரம் இருபது நிமிஷம் கூடக் குறைய இருந்தாப் பரவாயில்லை.

டே கேர்ல போன்லயே கேட்க வேண்டிய முதல் கேள்வி வயசு. பல இடங்கள் பிளே ஸ்கூலோட சேர்ந்தது, 5 அல்லது 6 வயசோட நிறுத்திடுவாங்க. 3-ம் வகுப்புப் பையனை எடுத்துக்கிறவங்க கம்மி. இதைக் கேட்காம நேர்ல போனா ஒரு சனிக்கிழமை வீண். கம்பெனி டே கேரையும் ரொம்ப நம்பாதீங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல காப்பக வசதி இருக்கணும்னு சட்டம் சொல்லுது, ஆனா அது 6 வயசு வரைக்குமான குழந்தைகளை மனசுல வெச்சுப் போட்டது. உங்க பையனை எடுத்துக்குவாங்களான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிடுங்க.

அடுத்தது வேன். காலையில வீட்டு வாசல்ல ஏத்தி, சாயங்காலம் வேற முகவரியில இறக்கிவிடுவாங்களான்னு பள்ளியோட வேன் பொறுப்பாளர்கிட்டயே கேளுங்க. அட்மிஷன் கவுன்டர்ல தலையாட்டுவாங்க, ஜூன்ல வண்டி ரூட் போடும்போது "ரெண்டு அட்ரஸ் முடியாதும்மா"ன்னு வரும். டே கேரே வண்டி அனுப்புதுன்னா டிரைவரோட கூட ஒரு உதவியாளர் வர்றாங்களான்னு பாருங்க.

மதுரையிலிருந்து வர்றவங்களுக்குத் தோணாத ஒண்ணு, மழை லீவு. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் காலையில கண் முழிச்சதும் கலெக்டர் அறிவிப்பைத்தான் பார்க்கணும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியா அறிவிப்பாங்க. துரைப்பாக்கம் சென்னை மாவட்டம், தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு. பள்ளி ஒரு மாவட்டம், டே கேர் இன்னொரு மாவட்டம்னு அமைஞ்சா, பள்ளி லீவு, ஆபீஸ் உண்டு, டே கேர்ல "மதியம் ரெண்டு மணிக்குத்தான் ஆள் வருவாங்க"ன்னு முழி பிதுங்கும். மழை லீவு அன்னைக்குக் காலையிலேயே திறப்பீங்களா, அதுக்குத் தனிக் காசா, காய்ச்சல்னா எடுத்துக்க மாட்டீங்களா, 7 மணிக்கு மேல ஆனா அரை மணிக்கு எவ்வளவு, இந்த நாலையும் எழுதியே வாங்குங்க. அந்த ஒரு நாள் வீட்டு வேலையைப் புதன், வியாழன்னு முடிஞ்சு போடாம, தேவைப்படும்போது எடுத்துக்கிற மாதிரி மேனேஜர்கிட்ட இப்பவே பேசிடுங்க. சேர்ந்த பிறகு கேட்டா சலுகை, சேருறதுக்கு முன்னாடி கேட்டா நிபந்தனை.

பள்ளிக்கு வருவோம். தனியார் பள்ளியில 25% ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்ட) இடம் எல்கேஜி, 1-ம் வகுப்புன்னு நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், 3-ம் வகுப்புக்குக் கிடையாது. டிசி வாங்கும்போது காகிதத்தை மட்டும் வாங்கிக்கிட்டு வந்துடாதீங்க. பையனோட எமிஸ் நம்பரை (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல அவனுக்கு இருக்கிற நம்பர்) எழுதிக்கிட்டு, அதே நாள்ல எமிஸ்ல அவன் பேரை காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லுங்க. பழைய பள்ளி விட்டாத்தான் புதுப் பள்ளி அங்கிருந்து எடுக்க முடியும். டிசி கையில இருந்தும் ரெண்டு மாசம் ஆன்லைன்ல பழைய பள்ளியிலேயே நிக்கிற பிள்ளைங்க நிறைய. பீஸ் பாக்கின்னு டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது, அந்தப் பாக்கியை டிசியில எழுதவும் கூடாதுன்னு 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளின்னா டிசி வரத் தாமதமாகுதுங்கிறதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது, அது கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு.

அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 1 முதல் 5 வரைக்கும் காலை உணவு அங்கேயே. தனி ஆளாக் காலையில ஓடுறவங்களுக்கு அது அரை மணி நேரம் மிச்சம்.

வாடகை வீட்டு வாத்தியார்:

மேல சொன்ன வரிசை சரி. வீட்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

சென்னையில அட்வான்ஸ் அஞ்சு, ஆறு மாசம் கேட்பாங்க, பத்து கேட்கிறவங்களும் உண்டு. 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாசம்னுதான் இருக்கு. ஆனா அதுலயே "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்"ங்கிற வாசகமும் இருக்கு. ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது, பேரம் எல்லாம் அதுக்கு முன்னாடிதான். 18,000 வாடகைக்கு அஞ்சு மாசம் 90,000, முதல் மாச வாடகை 18,000, புரோக்கருக்கு ஒரு மாசம் 18,000. லாரி வாடகைக்கு முன்னாடியே 1,26,000 ரெடியா இருக்கணும். காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு ஒரு மாசம் பிடிப்பாங்க. அது எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எழுதாட்டி வாய்க்கு வந்ததைச் சொல்வாங்க.

"சார் எங்க இருக்கார்?" இந்தக் கேள்வி வரும். துபாய்ல இருக்கார்னு சொல்லிச் சமாளிக்கச் சொல்லி புரோக்கரே யோசனை கொடுப்பார். வேண்டாம். ஆறு மாசத்துல தெரிஞ்சுடும், அதையே சாக்கா வெச்சுக் காலி பண்ணச் சொல்வாங்க. "நானும் பையனும். அம்மா வந்து போவாங்க" அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். ஒப்பந்தத்துல குடியிருப்போர்ங்கிற இடத்துல உங்க பேர், பையன் பேர், அம்மா பேர் மூணையும் போடச் சொல்லுங்க. அம்மா பத்து நாள் தங்கினா "கெஸ்ட் ஜாஸ்தி, தண்ணி பத்தலை"ன்னு முணுமுணுக்க முடியாது. ஒப்பந்தத்தை 90 நாளைக்குள்ள வாடகை அதிகார அமைப்போட இணையதளத்துல பதிஞ்சு நம்பர் வாங்கணும். பதியாத ஒப்பந்தத்தை வெச்சுக்கிட்டு அட்வான்ஸ் தகராறுக்குப் போனா கை கட்டின மாதிரிதான்.

வீடு பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீங்க, கீழ போங்க. ஈபி மீட்டர் போர்டு எந்த உயரத்துல மாட்டியிருக்கு? பழைய போர்டோட ஆணித் தழும்பு இடுப்பு உயரத்துலயும் புதுசு தலைக்கு மேலயும் இருந்தா அந்தத் தெருவுல தண்ணி வந்திருக்கு. 2015, 2023 டிசம்பர் ரெண்டு தடவையும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பல தெரு மூழ்கிச்சு. அதே ஏரியாவுல மேடான தெருவும் உண்டு, அதனால ஏரியா பேரை வெச்சு ஒதுக்காம தெருவை விசாரிங்க. அயர்ன் வண்டிக்காரரைக் கேட்டா உண்மை வரும். அப்புறம் சமையல் ரூம் குழாயைப் பாருங்க. மூக்குல வெள்ளையாப் பொரிஞ்சு கட்டியிருந்தா போர் தண்ணி உப்பு. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் நிறைய அடுக்குமாடி லாரித் தண்ணியிலதான் ஓடுது, ஏப்ரல், மே வந்தா மெயின்டனன்ஸ் ஏறும். போன கோடையில எவ்வளவு வாங்கினாங்கன்னு அங்க குடியிருக்கிறவங்ககிட்ட கேளுங்க, ஓனர்கிட்ட வேண்டாம்.

கரண்ட்: உங்க போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கணும். ரெண்டு போர்ஷன் ஒரே மீட்டர், உள்ள சப் மீட்டர்னா, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமும் உங்களுக்குச் சரியா வராது, ரெண்டு வீட்டு யூனிட்டும் கூடி 500-ஐத் தாண்டி விலையும் எகிறும். ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட் போடுறதும் இங்கதான்.

இன்னொண்ணு, பழைய வருமான வரி முறையில இருந்தா ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கணக்குல மதுரைக்கு அடிப்படைச் சம்பளத்துல 40%, சென்னைக்கு 50%. வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டுறதால ஓனரோட பான் நம்பர் வேணும். பான் தர மாட்டேன்கிறவரை அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுங்க.

கோர்ட் கட்டு:

யாரும் தொடாத இடத்தைச் சொல்கிறேன். இதை விட்டுவிட்டு லாரி ஏற்றினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சிக்கல்தான்.

மாதம் இரண்டு சனிக்கிழமை, மதுரையில், என்று உத்தரவில் இருக்கும்வரை அது உங்களைக் கட்டுப்படுத்தும். "வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார்" என்பது நாளைக்கு நிற்காது. உத்தரவை முழுக்கப் படியுங்கள். குழந்தையை நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். 1890-ம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உங்களைக் காப்பாளராக நியமித்திருந்தால், 26-ம் பிரிவின்படி அனுமதி பெற்றுத்தான் எல்லையைத் தாண்ட முடியும்.

செய்ய வேண்டியது: அதே குடும்ப நீதிமன்றத்தில் சந்திப்பு நிபந்தனையை மாற்றக் கோரி மனு. இணைக்க வேண்டியவை: வேலை உத்தரவு, சென்னையில் பள்ளிச் சேர்க்கை உறுதி, வீட்டு முகவரி, மாலை நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற விவரம். வெறுமனே "வர முடியாது" என்று கேட்காமல் மாற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்: மாதம் ஒரு சனிக்கிழமை, வாரம் இரு முறை வீடியோ அழைப்பு, காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் பாதி. அவர் ஒப்புக்கொண்டால் இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாகப் போட்டு உத்தரவு வாங்கிவிடலாம். மே மாதத்தில் கோடை விடுமுறை குறுக்கிடும் என்பதால் மார்ச்சிலேயே மனுவைப் போடுங்கள்.

புதுப் பள்ளிக்கும் டே கேருக்கும் உத்தரவின் சான்றிட்ட நகலைக் கொடுத்து, பிள்ளையை அழைத்துச் செல்லக் கூடியவர்கள் யார் யார் என்று புகைப்படத்தோடு கடிதம் கொடுங்கள். ஜெராக்ஸை மட்டும் கொடுத்தால் பிரச்சினை வரும் நாளில் கையை விரிப்பார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பிரிந்து மட்டும் வாழ்கிறீர்கள், எந்த உத்தரவும் இல்லை என்றால், "அப்பாவிடம் விடாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தாலும் பள்ளியால் அதைக் காப்பாற்ற முடியாது. சட்டத்தின் கண்ணில் அவரும் பெற்றோர்தான்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. கோர்ட் விஷயம் மனசுலயே வரலை, நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறேன். ரெண்டு சின்னக் கேள்வி. அம்மா ரயில்ல வந்து போக வசதியா தாம்பரம் பக்கம் பார்க்கலாமா? கேஸ் சிலிண்டரை லாரியிலேயே ஏத்திடலாமா?

ஜிஎஸ்டி ரோடு:

தாம்பரத்துலேர்ந்து துரைப்பாக்கம் தினமும் ஸ்கூட்டர்ல வேண்டாம், அதுவும் ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கிறப்போ. கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் பக்கம் பாருங்க. பல்லாவரத்துலேர்ந்து போற 200 அடி ரேடியல் ரோடு நேரா துரைப்பாக்கத்துல போய் முட்டும். அம்மா வைகையிலயோ பாண்டியன்லயோ வந்தா தாம்பரத்துலயே இறங்கிடலாம், எழும்பூர் வரைக்கும் போகத் தேவையில்லை. அங்கிருந்து லோக்கல்ல மூணாவது ஸ்டேஷன் பல்லாவரம், மிச்சத்துக்கு ஆட்டோ. பஸ்ல வந்தா கிளாம்பாக்கம்தான் கடைசி, அங்கிருந்து மூட்டையோட இன்னொரு பஸ் மாறணும். வயசானவங்களுக்கு ரயிலே மேல். ரேடியல் ரோடு சதுப்பு நிலத்துக்கு நடுவுல போகுது, அடைமழை நாள்ல சுத்திப் போக வேண்டி வரும். மாவட்டக் கணக்கையும் மறந்துடாதீங்க: கீழ்க்கட்டளை செங்கல்பட்டு. அதனால பள்ளியும் டே கேரும் ரெண்டுமே அந்தப் பக்கமே இருக்கட்டும், ஆபீஸ் மட்டும் சென்னையில.

சிலிண்டரை ஏத்தக் கூடாது. மதுரை ஏஜென்சியில சிலிண்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் ஒப்படைச்சு, டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்குங்க. கனெக்‌ஷன் வாங்கினப்போ கட்டின டெபாசிட் திரும்ப வரும். சென்னையில அந்த வவுச்சரைக் காட்டினா பழைய வாடிக்கையாளராவே எடுத்துக்குவாங்க, டெபாசிட் மட்டும் இப்ப உள்ள கட்டணம். அடுப்பும் டியூபும் உங்களோடது, எடுத்துட்டு வரலாம். ஆனா ரப்பர் டியூப் மேல தேதியைப் பாருங்க, அஞ்சு வருஷம் ஆகியிருந்தா அங்கேயே போட்டுட்டு வாங்க. லாரி கிளம்புற அவசரத்துல ரெகுலேட்டரைக் கழட்டி அடுப்போட சேர்த்துக் கட்டிடுவாங்க. சிலிண்டரை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தா ரெகுலேட்டர் தொலைஞ்சதாக் கணக்கு வெச்சு அபராதம் கட்டச் சொல்வாங்க, அதனால முதல் நாளே தனியா ஒரு பையில போட்டு வெச்சிடுங்க.