பாட்டில் ஆமை வேண்டாம்

குழு: அம்மா வீட்டு ஆட்கள்

கயல்: எல்லாரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். சுற்றுச்சூழல் தினத்துக்கு எங்கள் ஓவியத் துறை சார்பில் ஏதாவது செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில்களை ஒட்டிப் பெரிய ஆமை செய்யலாம் என்கிறது வகுப்பு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெரியம்மா: ஆமை நன்றாகத்தானே இருக்கும்? நான் வேண்டுமானால் பாட்டில் சேர்த்துத் தருகிறேன்.

ராஜு மாமா: பாட்டில் ஆமை, மூடி யானை, டப்பா மீன். வருடா வருடம் இதே கதை. ரிப்பன் வெட்டுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், அடுத்த வாரம் அது குப்பை. கேட்டால் விழிப்புணர்வு.

செந்தில்: மாமா ஆரம்பித்துவிட்டார்.

கயல்: இல்லை அண்ணா, என் சந்தேகமும் அதுதான். பாட்டிலைச் சும்மா விட்டாலாவது மறுசுழற்சிக்குப் போகும். நாங்கள் சூட்டுப் பசையால் ஒட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டால் பழைய சாமான் எடுப்பவர்கூடத் தொட மாட்டார். போன தடவை பாட்டில் போதவில்லை என்று சீனியர்கள் புதுத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொட்டிவிட்டு ஒட்டினார்களாம்.

ராஜு மாமா: பார்த்தாயா! படம் வரைந்தால் காற்று சுத்தமாகாது கண்ணு. அது பொறியாளரும் அரசாங்கமும் செய்ய வேண்டிய வேலை. கலைஞன் அழகாக ஏதாவது செய்தால் போதும்.

கயல்: அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் மாமா. 1871-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதிக்கு ஓர் ஆய்வுக் குழு போனது. அதில் தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் இருந்தார்கள். கொதிக்கும் ஊற்று, மஞ்சள் பாறைப் பள்ளத்தாக்கு என்று அதுவரை போய் வந்தவர்கள் சொன்னதைப் பலர் கட்டுக்கதை என்றே நினைத்தார்கள். இவர்களுடைய படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போயின. 1872-ல் தேசியப் பூங்காவுக்கான சட்டமே வந்துவிட்டது.

சித்தி: படம் மட்டும் காரணம் இல்லை கயல். பயணிகள் வருவார்கள் என்று ரயில் கம்பெனியும் பின்னால் நின்று தள்ளியது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளை வெளியேற்றியது தனிக் கதை.

கயல்: சரி சித்தி. ஆனால் படங்கள் இல்லாமல் அத்தனை சீக்கிரம் நடந்திருக்காது.

ராஜு மாமா: அன்றைக்குப் படம் அபூர்வம். இன்றைக்குப் பனி உருகும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஏசியைக் கூட்டுகிறோம்.

கயல்: அதனால்தான் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் வீடியோ காட்டவில்லை. பனியையே கொண்டுவந்து வைத்தார். 2015 பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது, கிரீன்லாந்துக் கடலில் ஏற்கெனவே உடைந்து மிதந்த 12 பனிப்பாளங்களைத் தெருச் சதுக்கத்தில் கடிகார முகம் போல வட்டமாக வைத்தார். ஆட்கள் கட்டிப்பிடித்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்றுக் குமிழிகள் பட் பட்டென்று உடையும் சத்தம் கேட்குமாம்.

செந்தில்: ஒரு நிமிடம். கிரீன்லாந்திலிருந்து பாரிஸுக்கா? குளிர்பெட்டிக் கன்டெய்னரிலா? தினமும் நான் புக்கிங் போடுவதே அதைத்தான். பனி உருகுகிறது என்று சொல்ல எண்ணெய் எரிப்பதா?

ராஜு மாமா: அப்படிக் கேள்!

கயல்: அதை அவரிடமும் கேட்டார்கள். கார்பன் கணக்கை வேறோர் அமைப்பை வைத்துப் போட்டு வெளிப்படையாகவே வெளியிட்டார்கள்.

செந்தில்: கணக்குக் காட்டியது நல்லதுதான். ஆனால் கலை உலகத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஓவியத்துக்கும் அளவெடுத்து மரப்பெட்டி, உள்ளே ஃபோம், கண்காட்சி முடிந்தால் பெட்டியைத் தூக்கிப் போடுவார்கள். எல்லாம் கடைசி நேர அவசரம், அதனால் விமானம். அதே பெட்டியைக் கப்பலில் அனுப்பினால் கார்பன் பல மடங்கு குறையும். முன்கூட்டித் திட்டமிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். 2020-ல் லண்டனில் கேலரிகள் சேர்ந்து ஒரு கூட்டணி தொடங்கின. 2030-க்குள் குறைந்தது பாதியாவது குறைப்பது இலக்கு. பேசுவதைவிட இது மேல்.

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில்: என்னம்மா அழித்தீர்கள்?

பெரியம்மா: கை பட்டுவிட்டது. நீங்கள் பேசுங்கள்.

சித்தி: நான் தாவரவியல் சொல்லித் தருகிறவள், எனக்குப் பிடித்தது மெல் சின் என்ற கலைஞர். 1991-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பழைய குப்பை நிலம். மண்ணில் காட்மியம் மாதிரி கன உலோகங்கள். சில செடிகள் வேரால் உலோகத்தை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கும். அறுவடை செய்து எரித்தால் சாம்பலிலிருந்து உலோகத்தை மீட்கலாம் என்பது கணக்கு. ரூஃபஸ் சேனி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, சதுர வேலிக்குள் வட்டமாகப் பாத்தி போட்டு அந்தச் செடிகளை நட்டார். சிற்பி கல்லிலிருந்து வேண்டாததைச் செதுக்குவான் இல்லையா, இவர் மண்ணிலிருந்து நஞ்சைச் செதுக்கினார். அதில் ஒரு சின்னக் கடுகுக் குடும்பச் செடி உண்மையிலேயே நன்றாக உறிஞ்சியது.

ராஜு மாமா: அதற்கு விஞ்ஞானி போதுமே, கலைஞன் எதற்கு?

சித்தி: விஞ்ஞானிக்கு யோசனை இருந்தது அண்ணா, திறந்த நிலத்தில் சோதித்துப் பார்க்க வழி இல்லை. அவரைத் தேடிப் போய், இடம் தேடி, பணம் தேடியவர் கலைஞர். இதெல்லாம் கலையா என்று அரசின் கலை நிதியை முதலில் மறுத்தார்கள். விடாமல் வாதாடி வாங்கினார்.

ராஜு மாமா: சரி, இது வேலை.

கயல்: இன்னொன்று சொல்கிறேன், இது உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். 1982, ஜெர்மனியில் காசெல் நகரம். ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 7000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தின் முன்னால் மலையாகக் குவித்துவிட்டார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். வேறு எப்படியும் கல்லை நகர்த்தக் கூடாது. நடுவிலேயே 1986-ல் அவர் இறந்துபோனார். 1987-ல் அவர் மகன் கடைசி மரத்தை நட்டார்.

ராஜு மாமா: ஆள் கெட்டிக்காரன். மீதி வேலை எவ்வளவு என்று ஊருக்கே தெரியும்படி நடுத்தெருவில் போட்டுவிட்டான். அந்தக் குவியலைப் பார்க்கச் சகிக்காதவன்கூட மரம் நட்டுத்தான் தீர வேண்டும். எங்கள் சைட்டில் இப்படி யாரும் கணக்கு வைத்ததில்லை.

செந்தில்: சரி, உங்கள் விழாவுக்குப் பணம் யார் தருகிறார்கள் கயல்?

கயல்: ஒரு பெயின்ட் கம்பெனி. பேனர் எங்கள் ஆமையைவிடப் பெரிதாக இருக்கும்.

சித்தி: அங்கேயும் கலைஞர்களுக்கு வேலை இருக்கிறது. லண்டன் டேட் அருங்காட்சியகம் பிபி எண்ணெய் நிறுவனத்திடம் பணம் வாங்கக் கூடாது என்று கலைஞர்கள் வருடக்கணக்கில் உள்ளேயே போய்ப் போராடினார்கள். 26 வருட உறவு 2017-ல் முடிந்தது. வணிகச் சூழல் சரியில்லை என்று பிபி காரணம் சொன்னது, அதை யார் நம்பினார்களோ. ஆனால் 2023-ல் அதே ஊரில் பிரிட்டிஷ் மியூசியம் பிபியோடு 5 கோடி பவுண்டுக்குப் புது ஒப்பந்தம் போட்டது.

கயல்: நாங்கள் கல்லூரியை எதிர்த்துக் கொடி பிடிக்க முடியாது சித்தி. ஆனால் பெயின்ட் என்றதும் ஒன்று தோன்றுகிறது. நாங்கள் எல்லாரும் அக்ரிலிக்தான் பயன்படுத்துகிறோம். அது பிளாஸ்டிக்தானே?

சித்தி: பிளாஸ்டிக்கேதான். நிறத்தூளைப் பிடித்து வைக்கிற பசை அக்ரிலிக் பாலிமர். தூரிகை கழுவுகிற தண்ணீரில் அதுவும் சேர்ந்து போகிறது. சில நிறங்களில் காட்மியமும் கோபால்ட்டும் இருக்கும்.

கயல்: அப்படியானால் நாங்கள் கடல் ஆமைக்காக அழுதுகொண்டே சிங்க்கில் பிளாஸ்டிக் ஊற்றுகிறோம். ஆமை வேண்டாம். ஒரு மாதம் துறையின் தூரிகைத் தண்ணீர் முழுவதையும் பிடித்து வைத்து, அதில் வருகிற வண்டலைக் கண்ணாடி ஜாடிகளில் துறை வாசலிலேயே அடுக்கிவிடலாம். எங்கள் குப்பை, எங்கள் பெயரில்.

ராஜு மாமா: சும்மா வைத்தால் படியாது கண்ணு, துகள் அவ்வளவு நைஸ். படிகாரம் கரைத்து ஊற்று. துகள்கள் திரண்டு கீழே இறங்கும். குடிநீர் நிலையத்தில் செய்வது அதுதான். படிகாரத்தால் புளிப்பு ஏறும், அதற்குக் கொஞ்சம் சுண்ணாம்பு. மேலே தெளிந்ததை முதலில் வடிகட்டித் தாளில் விடு, பிறகு அடியில் படிந்ததையும் ஊற்று. தாளில் நிற்பதைக் காய வைத்து ஜாடியில் போடு.

சித்தி: கையுறை போட்டுக்கொள். காய்ந்த தூளை ஊதித் தொலைக்காதே.

செந்தில்: மாமா கலைஞராகிவிட்டார்.

ராஜு மாமா: சும்மா இருடா. கயல், வாரத்துக்கு எத்தனை லிட்டர் கழுவு நீர் வரும்?

கயல்: யாரும் அளந்ததில்லை மாமா.

ராஜு மாமா: பின்னே எந்த அளவில் டிரம் வாங்குவாய்? திங்கட்கிழமையே சிங்க் குழாயைக் கழற்றி அடியில் ஒரு வாளி வை. நிறைய நிறையக் கோடு போட்டு எழுதி வரச் சொல். அளவு தெரிந்ததும் தொட்டி படம் போட்டு அனுப்புகிறேன்.

செந்தில்: மூடி போட்ட பழைய டிரம் இரண்டு எங்கள் கிடங்கில் சும்மா கிடக்கிறது. கழுவித் தரச் சொல்கிறேன். எடுத்துப் போக மட்டும் வண்டி பார்த்துக்கொள்.