சிறிய விசைப்படகில் ஸ்டீயரிங் கனக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (வேலூர்): பழவேற்காட்டில் எங்கள் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்புறம் வெளியே மாட்டிய இன்ஜின்) படகை இடப்பக்கம் திருப்புவதற்குள் அப்பாவுக்குத் தோள் வலி வந்துவிடுகிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்கு மாறுவதுதான் வழியா?

பதில் (ராணிப்பேட்டை): அவசரப்பட வேண்டாம், ஐயா. இன்ஜினை நிறுத்திவிட்டு, அதனுடன் கேபிளை இணைக்கும் கம்பியைக் கழற்றிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் இறுகினால், கேபிள் பழுதாகியிருக்கலாம், அல்லது அதன் முனைத்தண்டு நுழையும் டில்ட் குழாயில் உப்பும் பழைய கிரீஸும் கெட்டியாகியிருக்கலாம். குழாயை நன்கு துடைத்து மரைன் கிரீஸ் தடவுங்கள். மாறாக, இன்ஜினே கையால் அசைய மறுத்தால் அதன் சுழல்தண்டுக்குக் கிரீஸ் தேவை.

பதில் (குடியாத்தம்): ஓடும்போது மட்டும் கனத்தால், அது புரொப்பெல்லரின் முறுக்குவிசை. புரொப்பெல்லருக்கு மேலுள்ள டிரிம் டேப் என்ற சிறு தகட்டின் பின்விளிம்பை, படகு இழுக்கும் வலப்பக்கமாகவே சிறிது திருப்பி, ஓட்டிப் பார்த்து மீண்டும் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் அப்பாவுக்குச் சிரமமென்றால் ஹைட்ராலிக் நிச்சயம் நல்லது. சக்கரத்தைச் சாய்க்க வசதியுள்ளதாக வாங்குங்கள்.