மொட்டைமாடியில் தீபாவளி கைவேலை
(எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு)

சனி, 11 அக்டோபர் 2025

ஏ2: நாளை காலை 10 மணிக்கு மொட்டைமாடி ஷெட்டில் பிள்ளைகளுக்குத் தீபாவளி கைவேலை. 8 வயது வரை வரலாம். கொசப்பேட்டையில் 60 அகல் வாங்கியாச்சு. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

சி4 பாட்டி: அகல் கார்த்திகைக்குத்தானே ஏற்றுவோம்? தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், லேகியம், பட்டாசு. அவ்வளவுதான்.

ஏ2: பள்ளிக்கூடத்தில் தீபாவளி என்றாலே விளக்குதான் வரையச் சொல்கிறார்கள் பாட்டி. இப்போது வண்ணம் பூசட்டும், டிசம்பர் 3 கார்த்திகைக்கு ஏற்றலாம்.

சி4 பாட்டி: என்னவோ போ.

ஏ2: அகலை ஊறப்போட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டுமா?

பி1: ஐயோ, உடனே எடும்மா! எண்ணெயை உறிஞ்சாமல் இருக்க, ஏற்றுவதற்கு முன்னால்தான் ஊறவைப்பார்கள். ஈர மண்ணில் பெயிண்ட் ஒட்டாது.

ஏ2: 😱 எடுத்தாச்சு அண்ணா. மின்விசிறிக்குக் கீழே பரப்பியிருக்கிறேன்.

பி1: அப்புறம் ஒன்று. வெளிப்பக்கம் மட்டும் பூசச் சொல். போன வருஷம் என் பெண் திரி வைக்கிற மூக்கு வரைக்கும் ஜிகினா ஒட்டிவிட்டாள். ஏற்றினதும் அதுதான் முதலில் கருகியது. வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

டி3: அக்கா, என் பையனுக்கு மூன்றரை வயதுதான். பிரஷ் கொடுத்தால் நேராக வாய்க்குப் போகும்.

ஏ2: சின்னதுகளுக்குச் சங்குசக்கரம் செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகையை வட்டமாக நானே வெட்டி வைத்துவிடுகிறேன். கிரேயானில் கிறுக்கட்டும். நடுவில் துண்டுப் பென்சிலைச் செருகிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றும்.

சி4 பாட்டி: பேரன் கல்யாணப் பத்திரிகை அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது. ஆள் அனுப்பு.

ஞாயிறு, 12 அக்டோபர்

ஏ2: நல்லபடியாக முடிந்தது. ஷெட் தரையை மட்டும் இன்றைக்கு யாரும் பார்க்காதீர்கள்.

பி1: என் ஸ்கூட்டர் சீட்டில் நீலக் கலரில் இரண்டு உள்ளங்கை. அஞ்சு விரலும் தெளிவாக.

டி3: அண்ணா, மன்னிச்சிடுங்க. நம்ம வாண்டுதான். கிரேயானை விட்டுப் பெரிய பிள்ளைகள் கிண்ணத்தில் கையை விட்டுவிட்டான். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

ஏ2: போகாது. அது அக்ரிலிக்.

பி1: 🙏

ஏ2: அகல் கணக்கு உதைக்கிறதே. 57தான் இருக்கிறது. யாராவது கையோடு எடுத்துப் போனீர்களா?

சி4 பாட்டி: மூன்று இங்கே காய்கிறது. மயில் கழுத்துப் பச்சை நான் பூசினது, யாரும் தொடாதீர்கள்.